மூணாவது ஓலை

அந்தச் சேர் வோணாம் ஃபாதர், அதுக்கு ஒரு காலு ஆடிகினே கீது. இப்டி கட்டில் மேலயே குந்துங்க. குந்துங்கன்னா ஒக்காருங்கன்னு அர்த்தம். நீங்க தூத்துக்குடி பக்கம்னு சொன்னாங்க, பேச்சுலயே தெரியுது. பரவால்ல, அது தொவச்ச பெட்ஷீட்டு தான். மீன் வாசன வருதா? வரும். இந்த வூட்ல செவுத்துக்கே அந்த வாசன தான். இதுக்கு முன்ன இருந்த சின்ன ஃபாதரு மூக்காண்ட கைக்குட்டைய வெச்சிகினு தான் வூடு மந்திரிப்பாரு. நீங்க மொகத்த சுளிக்கல, நல்ல மன்சன்.

அட, கோச்சிக்கல ஃபாதர். நீங்க கேட்டதுல இன்னா தப்பு கீது. பங்குக்கு வந்து ஒரு மாசம் தான் ஆவுது, தெருத்தெருவா வூடு பாக்க வர்றீங்க, இந்த சிலுவையம்மா ஏன் பூசைக்கே வர்றதில்லன்னு யாரோ காதுல போட்டுகீறாங்க, கேக்குறீங்க. கேக்கத்தான் வோணும். எனக்கு இன்னா வயித்தெரிச்சல்னா, இத்தக் கேக்க ஒரு மன்சன் வர்றதுக்கு இம்மாம் மாசம் ஆச்சி. பொங்கல் முடிஞ்சி நிறுத்துனேன். தபசு காலம் போச்சி, ஈஸ்டர் போச்சி, மாதா திருநாள் தேரு இந்தத் தெரு வழியா தான் போச்சி, நான் கதவ சாத்திகினு உள்ள குந்திகினு இருந்தேன். ஒருத்தர்னா கதவத் தட்டி, சிலுவ, உயிரோட கீறியான்னு கேக்கணுமே. இல்ல. தேரு போச்சி, வெடி வெடிச்சாங்க, போய்ட்டாங்க.

டீ போடறேன், குடிச்சிட்டு தான் போவணும். சக்கர கம்மியா? சரி. அடுப்பு இங்க தான கீது, பேசிகினே போடறேன்.

நீங்க இப்ப சொன்னீங்களே, தவறாம கோயிலுக்கு வந்தா மனசுக்கும் நல்லது, ஒடம்புக்கும் நல்லதுன்னு. இத்த எனக்கா சொல்றீங்க? இத்தப் பத்தி நீங்க பிரசங்கம் வெக்கணும்னா என்னாண்ட கேட்டுகினு போங்க, நான் சொல்றேன்.

எங்கூட்டுக்காரு ராயப்பன், கன்டெய்னர் லாரி ஓட்டிகினு இருந்தாரு. எண்ணூர் ரோட்டுல லாரிங்க ஹார்பருக்குள்ள போவ வரிசையா நிக்கும் பாருங்க, அந்த வரிசைல வண்டிய போட்டுட்டு டீ குடிக்க எறங்குனவர பின்னால வந்த வண்டி அடிச்சிடுச்சி. எம்பொண்ணு வினிதா அப்போ நாலாங்கிளாஸு. நான் சோறு துன்றத வுட்டேன், தல வார்றத வுட்டேன், யாவாரத்துக்குப் போவல. கம்முனு செவுத்தப் பாத்துகினே படுத்துகினு கெடந்தேன். அப்ப தான் எதுத்த லைன்ல இருந்த ஜானட்டு வந்தா. அப்பல்லாம் அக்கான்னு தான் கூப்புடுவேன், என்ன வுட பெரியவ. வந்து, ஞாயித்துக்கெயம ஆறு மணி பூசைக்கு வாடின்னு கைய புடிச்சி இஸ்தா. எம்புருசன வாரிகினு போன சாமிய நான் இன்னாத்துக்குக் கும்புடணும்னு கேட்டேன். அவ இன்னா சொன்னா தெரியுமா? நீ கும்புடாத, சொம்மா வந்து என் பக்கத்துல குந்து, கும்புடுற வேலைய நான் பாத்துக்கறேன்னா.

அப்டித் தான் போயி குந்துனேன், தூணாண்ட, ஃபேன் காத்து வராத பெஞ்சில. மொத வருசம் பூரா எனக்கு ஒரு ஜெபமும் வாய்ல வர்ல. ஆனா அல்லாரும் எந்திரிக்கசொல்ல நீ மட்டும் குந்திகினு இருக்க முடியாதுல்ல, எந்திரிக்கணும். முட்டி போடுன்னா போடணும். பாட்டு பாடுனா வாய் தானா அசையும். மொதல்ல ஒடம்பு தான் வந்துச்சி ஃபாதர், மனசு அப்பால மெதுவா பின்னாடியே வந்துச்சி. ஞாயித்துக்கெயமைக்குன்னு ஒரு பொடவ தொவச்சி வெக்கணும், தலைல எண்ண வெக்கணும், அதுக்கோசரமே சனிக்கெயம எந்திரிச்சேன். சனிக்கெயம எந்திரிச்சவ திங்கக்கெயமையும் எந்திரிச்சேன், கூடைய தூக்கினேன், பொயப்பப் பாத்தேன்.

நான் மீன் விக்கிறவ, தெரியும்ல? கல்மண்டபம் மார்க்கெட்டு வாசல்ல எங்க எடம். ஞாயித்துக்கெயம காலைல தான் மீன் யாவாரமே. ஊரே பைய தூக்கினு வர்ற நேரத்துல நான் கோயில்ல முட்டி போட்டுகினு இருப்பேன். பக்கத்துக் கூடைக்காரி கன்னியம்மா, அவங்க அம்மன் கும்புடறவங்க, அவ கிண்டல் பண்ணுவா. ஏம்மே, ஒங்க சாமி யாவாரம் இல்லாத நேரமா பாத்துக் கூப்புட மாட்டாரான்னு. ஆனா நான் வர்ற வரிக்கும் என் எடத்துல வேற எவளையும் குந்த வுட மாட்டா.

ஒரு தபா மலேரியா சொரம் வந்து ஒரே ஒரு ஞாயிறு போவல. அன்னிக்கி சாயந்தரம் இந்த வூட்ல நிக்க எடம் இல்ல. ஒருத்தி கஞ்சி எடுத்துகினு வரா, ஒருத்தி ரசம், ஒருத்தரு சாத்துக்குடி. அன்பியத்துக்காரங்க, அதான் எங்க தெரு ஜெபக் கூட்டத்துக்காரங்க, அல்லாரும் வந்து கட்டில சுத்தி நின்னுகினு ஜெபமால சொன்னாங்க. எனக்குக் கூட பொறந்தவங்க யாரும் இல்ல ஃபாதர். அன்னிக்கி தான் எனக்கும் ஆளு கீதுன்னு நெனச்சேன். தவறாம போறவ ஒரு நாள் போவலன்னா, அவ எங்கன்னு தேட நாலு பேரு வருவாங்க. அத்த நம்பிகினு இருந்தேன்.

இந்தாங்க. சூடா கீது, டம்ளர மேல் பக்கமா புடிங்க.

வினிதாவுக்கு வலிப்பு ஃபாதர். இப்ப இன்னா, ஊருக்கே தெரிஞ்சிபோச்சி, ஒங்களாண்ட மறைச்சி இன்னா ஆவப்போது. ஒம்பதாவது படிக்கசொல்ல மொத தபா வந்துச்சி, வூட்டுல தான். ஸ்டான்லி ஆஸ்பத்திரில காட்டுனோம், மாத்திர குடுத்தாங்க, ஒயுங்கா துன்னா மத்த புள்ளைங்க மாரி தான்னு சொன்னாங்க. ஒயுங்கா தான் துன்றா. படிச்சா, ஹார்பராண்ட ஒரு கிளியரிங் ஆபீஸ்ல வேலைக்கிப் போறா. எப்பவோ ஒரு தபா வரும். வந்தா நான் மொதல்ல இன்னா பண்ணுவேன் தெரியுமா? டிவி சத்தத்த ஏத்துவேன். அப்பால தான் புள்ளையாண்ட ஓடுவேன். லைன் வூடு ஃபாதர், நடுவுல ஒரே செவுரு. அந்தாண்ட கீறவ காதுல ஒரு சத்தம் வுயக்கூடாது. மாத்திரைய கூட இங்க கல்மண்டபத்துல வாங்க மாட்டேன். பஸ் புடிச்சி மிண்ட்டு பக்கம் போயி வாங்கினு வந்து காப்பித்தூள் டப்பாவுக்குள்ள வெப்பேன். பொட்டப்புள்ள. வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்?

ஜானட்டுக்கு மட்டும் தான் தெரியும். ஒரு நாள் பெஞ்சில குந்திகினு அயுதுகினு இருந்தேன், இன்னாடின்னு கேட்டா, சொல்லிட்டேன். சொல்லிட்டு, ஜெபத்துல வெச்சிக்கோக்கான்னேன். நம்ம ஆளுங்களுக்கே இந்தப் பழக்கம் கீது பாருங்க. மத்தவங்க ஒரு ரகசியத்த சொன்னா, யாராண்டயும் சொல்லாதன்னு சொல்லுவாங்க. நாம ஜெபத்துல வெச்சிக்கோன்னு சொல்லுவோம். ரெண்டும் ஒன்னுன்னு நெனச்சிகினு தான் நானும் சொன்னேன். வருசக்கணக்கா அவ வாய தொறக்கல, அதையும் சொல்லணும்.

அப்பால வினிதாவுக்கு ஒரு எடம் வந்துச்சி. காட்டுப்பள்ளி ஹார்பர்ல கிரேன் ஓட்ற பையன். நம்ம பங்கு தான், குடி கிடி ஒன்னும் இல்ல. கோயில்ல இவ பாடறத பாத்துட்டு அவனே ஆள் வுட்டு கேட்டான். நாம தேடிப் போவல, அவன் தேடி வந்தான். எனக்கு எப்டி இருந்திருக்கும் சொல்லுங்க. தபசு காலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்ன கல்யாணம்னு பேசி, கோயில்ல எய்தி குடுத்து, ஓலை படிக்க ஆரம்பிச்சாங்க. ஒங்க ஊர்லயும் ஓலைன்னு தான சொல்லுவீங்க? மூணு ஞாயிறு பூசைல, இன்னாரு மவனுக்கும் இன்னாரு மவளுக்கும் கல்யாணம், தடை எதுனா தெரிஞ்சவங்க பங்குத்தந்தையாண்ட சொல்லுங்கன்னு படிப்பீங்களே, அது தான். மொத ஓலை படிக்கசொல்ல எனக்கு ரெக்க மொளச்ச மாரி இருந்துச்சி. ரெண்டாவது ஓலைல, தடை எதுனா தெரிஞ்சவங்கன்னு அப்ப இருந்த ஃபாதரு படிக்கசொல்ல, திரும்பி ஜானட்ட பாத்தேன். அவ ஜெபமாலைய உருட்டிகினு நேரா பீடத்தையே பாத்துகினு இருந்தா. அப்பாடான்னு மூச்சு வுட்டேன்.

அந்த வாரம் வியாயக்கெயம அன்பியக் கூட்டம் எங்க வூட்ல. இதே எடத்துல. இந்தக் கட்டில தூக்கி வெளிய போட்டுட்டு பாய் விரிச்சேன். சுண்டல் வேக வெச்சேன், மாதாவுக்கு கனகாம்பரம் வெச்சேன். ஜானட்டு தான் எங்க அன்பியத் தலைவி. மாப்ள பையனோட பெரியம்மா இதே பங்கு, சம்பந்தி வூடாச்சேன்னு மரியாதைக்கி அவங்களையும் கூப்ட்டேன், வந்தாங்க. ஜெபமால ஆச்சி, பைபிள் வாசிச்சாச்சி, அப்பால மன்றாட்டு. ஒருத்தர் ஒருத்தரா மனசுல கீறத வாய் வுட்டு சொல்லணும். ஒருத்தி மவனுக்கு வேல கேட்டா. ஒருத்தரு முட்டி வலி போவணும்னாரு. அப்பால ஜானட்டு கண்ண மூடுனா.

ஆண்டவரே, வலிப்பு நோயால கஷ்டப்படற எங்க புள்ள வினிதாவ ஒங்க கைல ஒப்புக்குடுக்கறோம், கல்யாணத்துக்குப் போற அவளுக்கு நல்ல சொகத்தக் குடுங்க, அவ நோவப் புரிஞ்சிக்கிற மனச கட்டிக்கப் போற பையனுக்கும் குடுங்க. நிறுத்தி நிதானமா சொன்னா. ஒரு வார்த்த முழுங்கல.

அல்லாரும் சொன்னாங்க, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்னு. நானும் சொன்னேன் ஃபாதர். வாய்ப்பழக்கம். சொல்லி முடிச்சப்பால தான் அவ சொன்னது எனக்கு காதுல ஏறுச்சி.

நான் இன்னா பண்ணியிருக்க முடியும்? ஒருத்தி புறணி பேசுனா கொண்டைய புடிச்சி ஆட்டலாம். பேமானி, நீ நல்லா இருப்பியான்னு கேக்கலாம். மன்னிச்சிக்கோங்க, ஒங்க முன்னால அந்த வார்த்த வந்துடுச்சி. ஆனா கண்ண மூடிகினு, கைய கூப்பிகினு, சாமியாண்ட பேசுறவ வாய எப்டி பொத்துறது? அவ அடுத்த மன்றாட்டுக்குப் போய்ட்டா. அந்தப் பெரியம்மா சுண்டல ரெண்டு வாய் துன்னுட்டு, மாதாவ தொட்டு கும்புட்டுட்டு, வரேம்மான்னு சொல்லிட்டு எந்திரிச்சி போச்சி. மறுநாள் காலைல ஃபோனு. எங்களுக்கு சரிப்பட்டு வராதும்மான்னு.

வினிதாவா? அவ அயுவல. ஃபோன் வந்துச்சின்னு சொன்னேன், சரிம்மான்னு சொல்லிட்டு டிபன் பாக்ஸ எடுத்துகினு ஆபீஸ் போய்ட்டா.

அந்த ஞாயிறும் போனேன் ஃபாதர். மனசு நொந்தா சாமியாண்ட தான போவணும், வேற எங்க போறது? அதே பெஞ்சி. மூணாவது ஓலை படிக்க வேண்டிய நாளு. வேற யாரோ ரெண்டு ஜோடி பேரு படிச்சாங்க, முடிச்சிட்டாங்க. முன்னாடி பெஞ்சிலேர்ந்து தலைங்க ஒன்னொன்னா எங்க பக்கம் திரும்புச்சி. ஜானட்டு என் கைய புடிச்சா. ஒதறிட்டு, பூசை முடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சி வந்துட்டேன். அதோட சரி.

மார்க்கெட்டுக்கு வந்தா ஒரு நாள், என்னாண்ட பேச. மீன் கயுவுன தண்ணிய அவ கால்ல ஊத்துனேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசுனேன், மார்க்கெட்டே நின்னு பாத்துச்சி. ஜெபம்ன்ற பேர்ல எம்பொண்ணு பொயப்புல மண்ண வாரிப் போட்டியேன்னு கேட்டேன். அவ பொடவைய தூக்கி புடிச்சிகினு போய்ட்டா. தப்பு பண்ணவ எப்டி பேசுவான்னு கன்னியம்மா கூட சொன்னா. மத்தவங்களும் யாரும் வர்ல. கஞ்சி எடுத்துகினு வந்தவங்க, சாத்துக்குடி எடுத்துகினு வந்தவங்க, தெருவுல என்னப் பாத்தா ஃபோன பாக்குறாங்க. எங்க வூட்டு மொற வந்தப்ப அன்பியக் கூட்டத்த அடுத்த வூட்டுக்கு மாத்திகினாங்க.

நடுவுல திருவொத்தியூர் பக்கம் ஒரு கோயிலுக்குப் போனேன். ராயபுரத்துல ட்ரெய்ன் ஏறி போவேன், கடைசி பெஞ்சி. அங்க யாருக்கும் என்ன தெரியாது, எனக்கு அதான் வோணும்னு நெனச்சேன். அதே பூசை, அதே ஜெபம், அதே நற்கருண. ஆனா அங்க நான் வந்தாலும் ஒன்னு தான், வர்லன்னாலும் ஒன்னு தான். சாமிக்குத் தெரியும்னு சொல்லுவீங்க. தெரியும், சரி. நான் சொரத்துல படுத்தா கஞ்சி யாரு எடுத்துகினு வருவா? அதையும் வுட்டுட்டேன்.

இப்போ ஞாயித்துக்கெயம பூரா மார்க்கெட்டு தான். யாவாரம் சோக்கா கீது. ஆனா நீங்க சொன்னது மெய்யாலுமே சரி ஃபாதர். ஞாயித்துக்கெயம எது, செவ்வாக்கெயம எதுன்னு தெரியல. தூக்கம் இல்ல. பிரஷர் மாத்திர முயுங்குறேன். வாங்க வர்றவங்க மேல எரிஞ்சி வுயறேன். தல வாருனியா இல்லியான்னு கேக்க ஆளு இல்ல, நானும் வார்றதில்ல, பாக்குறீங்கல்ல.

இன்னா சொன்னீங்க? ஜானட்ட இங்க இட்டுகினு வந்து என்னாண்ட மன்னிப்பு கேக்க வெக்கிறீங்களா? வோணாம் ஃபாதர். அவங்க இன்னாத்துக்கு மன்னிப்பு கேக்கணும். அன்னிக்கி அப்டி ஜெபம் பண்ணச் சொன்னதே எம்பொண்ணு தானாம். முந்தாநேத்து சோறு துன்னுகினே சொன்னா.

ஆமா, வினிதா தான். கொயம்பு ஊத்தட்டான்னு கேட்டேன், ஊத்தும்மான்னா. ஊத்தசொல்ல சொல்றா, அம்மா, ஜானட் ஆன்ட்டிய இனிமே திட்டாத, நான் தான் சொல்லச் சொன்னேன்னு. மறைச்சிகினு கட்டிக்க எனக்கு இஸ்டம் இல்லம்மான்னு ஒன்னாண்ட எத்தினி தபா கெஞ்சுனேன், தாலி ஏறட்டும் அப்பால பாத்துக்கலாம்னுட்ட. கட்டிக்கப் போறவருக்கு நானே ஃபோன் பண்ணி சொல்றேன்னேன், ஃபோன புடுங்கி வெச்சிகின. ஆன்ட்டியாண்ட போனேன், ஒங்கம்மா தாங்க மாட்டா, என்னால முடியாதுன்னாங்க. அப்போ ஜெபமா சொல்லுங்க, ஜெபத்த மட்டும் அம்மா நிறுத்த மாட்டான்னேன். இப்டி சொல்லிட்டு, மோர் கீதாம்மான்னு கேக்குறா.

அக்கா கால்ல நான் அந்தத் தண்ணிய ஊத்துனது இவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய தொறக்கல. இப்ப சொல்லாத, ஒங்கம்மா எதுனா பண்ணிகினா இன்னா பண்றதுன்னு அக்கா தான் தடுத்தாங்களாம். ரெண்டு பேரும் பேசி வெச்சிகினு, என்ன ஒருத்திய வெளிய நிறுத்திகீறாங்க. ஞாயித்துக்கெயம சாயந்தரம் பூசைக்குப் போறேன்னு இவ என்னாண்ட சொல்லுவா. இல்லியாம். காலைல நான் கூடைய தூக்கினு மார்க்கெட்டு போனதும், ஆறு மணி பூசைக்கே போயி, அதே பெஞ்சில அக்கா பக்கத்துல என் எடத்துல குந்திக்கிறாளாம். நீங்க பாத்திருப்பீங்க ஃபாதர். தூணாண்ட, கண்ணாடி போட்ட வயசான அம்மா ஒருத்தங்க, பக்கத்துல ஒரு பொண்ணு. அது தான் எம்பொண்ணு.

இம்மாம் நேரம் ஜானட்ட திட்டிகினு இருந்தேனே, அதுவும் வாய்ப்பழக்கம் தான். கோவம் அவங்க மேல இருந்த வரிக்கும் எனக்கு சுளுவா இருந்துச்சி. அவங்க வெளியாளு, என்னிக்கோ ஒரு நாள் மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டா முடிஞ்சிது. இப்ப எம்பொண்ண மன்னிக்கணும்னா, அவ பண்ணது சரின்னு நான் ஒத்துக்கணும். டிவி சத்தத்த ஏத்தி ஏத்தி அவள காப்பாத்துனது நான். பெத்தவள நம்பாம அடுத்த வூட்டுக்குப் போய்ட்டா ஃபாதர். எனக்கு அது எறங்கல. ராயப்பன் போன அன்னிக்கி கூட இப்டி வலிக்கல.

எந்திரிச்சிட்டீங்களா? டீய பூரா குடிங்க. இந்த ஞாயிறு கண்டிப்பா வான்னு சொல்றீங்க. வந்தா அவங்க ரெண்டு பேரும் நகந்து நடுவுல எடம் வுடுவாங்க, எனக்குத் தெரியும். நீங்க பீடத்துலேர்ந்து, ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்வோம்னு சொல்லுவீங்க. இந்தப் பக்கம் அக்கா கைய கூப்பிகினு திரும்புவாங்க, அந்தப் பக்கம் எம்புள்ள திரும்புவா. அந்த நேரத்துல நான் முட்டி வலிக்கிற மாரி குனிஞ்சிகினு இருந்தா, நீங்க பாக்காத மாரி இருப்பீங்களா ஃபாதர்? இருப்பேன்னு சொன்னீங்கன்னா, வரேன்.